அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா அஞ்சுல ரெண்டா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல பின்னக் கணக்குதான். பரீட்சை நேரம்ங்கறதாலயா இல்ல தங்கம் விக்கிற விலையா தெரியல. அரசியல் கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அரசியல் எங்கயும் ஓடிப்போயிடாது, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

ஆறாம் வகுப்புப் பையனோட அம்மா, மேட்டூர்: சார், என் பையன் 1/2 + 1/3 = 2/5 ன்னு போட்டிருந்தான், டீச்சர் தப்புன்னு போட்டுட்டாங்க. இவன் விடாம வாதாடுறான். "ஒரு டெஸ்ட்ல ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு எடுத்தேன், இன்னொண்ணுல மூணு மார்க்குக்கு ஒண்ணு எடுத்தேன், மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே, அப்புறம் எப்படி தப்பு"ங்கறான். எனக்கே பதில் சொல்லத் தெரியல.

உங்க பையன் சாதாரண ஆள் இல்லம்மா, மொதல்ல அவனுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்க. மார்க் விஷயத்துல அவன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. 2-க்கு 1, 3-க்கு 1, ரெண்டும் சேர்ந்தா 5-க்கு 2 தான், எந்த ரிப்போர்ட் கார்டும் அப்படித்தான் கூட்டும். ஆனா அங்க அவன் செஞ்சது பின்னத்தக் கூட்டுறது இல்ல, ரெண்டு வேற வேற டெஸ்ட்ட ஒண்ணா கொட்டி மொத்தத்தையே பெருசாக்கிட்டான். மொத்தம் முதல்ல 2 மார்க்கா இருந்தது, அப்புறம் 3, கடைசியில 5. மூணும் வேற வேற மொத்தம்.

பின்னத்தக் கூட்டுன்னா, ஒரே தோசையில பாதியும் அதே அளவு தோசையில மூணுல ஒரு பங்கும் ஒரு தட்டுல வச்சா எவ்ளோ தோசைன்னு அர்த்தம். மொத்தம் மாறவே கூடாது, ஒரு தோசைன்னா கடைசிவரைக்கும் ஒரு தோசை. இப்ப அவன்கிட்ட இத மட்டும் கேளுங்க: தட்டுல ஏற்கனவே பாதி தோசை இருக்கு, மேல இன்னொரு துண்டு வைக்கிறேன், வச்சதுக்கப்புறம் தட்டுல பாதியவிடக் குறைஞ்சு போகுமா? 2/5 பாதியவிடக் கம்மி. அரையோட எதையோ சேர்த்து அரைக்கும் கம்மியா விடை வந்தா அங்கயே பேனாவக் கீழ வச்சுடணும்.

மார்க் கணக்குல மட்டும் ஏன் அப்படி வருதுன்னா, அந்த மாதிரி மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டினா விடை எப்பவும் ரெண்டுக்கும் நடுவுலதான் விழும். 2/5 பாருங்க, 1/3-க்கும் 1/2-க்கும் நடுவுல உக்காந்திருக்கு. அது ஒருவகை சராசரி. ஒரு டெஸ்ட்ல நல்லா எழுதி இன்னொண்ணுல சொதப்பினா மொத்தம் நடுவுலதானே வரும், கூட்டல் விடை அப்படி நடுவுல வரக்கூடாது, ரெண்டையும்விட பெருசா இருக்கணும்.

சரியான விடைக்கு ரெண்டு துண்டையும் ஒரே அளவுத் துண்டா வெட்டணும். 2, 3 ரெண்டுக்கும் பொதுவா வர்ற சின்ன நம்பர் 6, இதத்தான் புக்குல மீச்சிறு பொது மடங்கு, எல்சிஎம்முன்னு பயமுறுத்துறாங்க. தோசைய ஆறா வெட்டினா பாதிங்கறது 3 துண்டு, மூணுல ஒண்ணுங்கறது 2 துண்டு, ஆகமொத்தம் 5 துண்டு, அதாவது 5/6. கீழ இருக்கிற 6 துண்டோட அளவு மட்டும்தான், அதக் கூட்டவே கூடாது. டீச்சர் தப்புன்னு போட்டது சரிதான், ஆனா இந்தக் கேள்விய கிளாஸ்ல கேட்டிருந்தா ஒரு பீரியட் முழுக்க இதுலயே ஓட்டியிருக்கலாம்.

டியூஷன் எடுக்கிறவங்க, சேலம்: பின்னத்தால வகுக்கும்போது தலைகீழா திருப்பிப் பெருக்குன்னு சொல்லிக்கொடுக்கிறேன், ஏன் திருப்பணும்னு ஒரு பொண்ணு கேட்டா. "வகுத்தா கம்மியாகணும்ல, எப்படி அதிகமாச்சு"ன்னும் கேட்டா. முழிச்சேன்.

திருப்பவே வேண்டாங்க. கூட்டலுக்குப் பண்ற மாதிரியே கீழ் நம்பர ஒண்ணாக்கிட்டு மேல் நம்பர வகுத்தா போதும், திருப்புறதுங்கறது அதோட குறுக்குவழி, அவ்ளோதான்.

2 லிட்டர் எண்ணெய் இருக்கு, முக்கால் லிட்டர் பாட்டில்ல ஊத்தணும், எத்தன பாட்டில்? இதுதான் 2 ÷ 3/4. 2 லிட்டர்ங்கறது 8 கால் லிட்டர், ஒரு பாட்டில்ங்கறது 3 கால் லிட்டர், அப்ப 8-ஐ 3-ஆல வகுக்க வேண்டியதுதான், ரெண்டே மூணுல ரெண்டு, அதாவது 2 2/3 பாட்டில். நாம என்ன பண்ணோம்? 2-ஐ 4-ஆல பெருக்கினோம், கால் லிட்டரா மாத்தறதுக்கு, அப்புறம் 3-ஆல வகுத்தோம். 4-ஆல பெருக்கி 3-ஆல வகுக்கிறதும் 4/3-ஆல பெருக்கிறதும் ஒண்ணுதானே, 3/4 தலைகீழான கதை இதுதான். அதிகமாச்சேன்னு அந்தப் பொண்ணு கேட்டது நல்ல கேள்வி, பாட்டில் ஒரு லிட்டரவிட சின்னதா இருந்தா லிட்டர் எண்ணிக்கையவிட பாட்டில் எண்ணிக்கை கூடத்தானே செய்யும். அரையால வகுக்கிறதையும் பாதியாக்குறதையும் பசங்க ஒண்ணுன்னு நெனச்சிடறாங்க, 6-ஐப் பாதியாக்கினா 3, 6-ஐ அரையால வகுத்தா 12.

இதுல எல்லாரும் வழுக்கி விழற எடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு பாட்டில் நிரப்பினா ஒன்றரை லிட்டர் போச்சு, மிச்சம் அரை லிட்டர். உடனே பசங்க "ரெண்டரை பாட்டில்"னு எழுதுவாங்க. அரை லிட்டர்ங்கறது அரை பாட்டில் இல்ல, முக்கால் லிட்டர் பாட்டில்ல அரை லிட்டர் ஊத்தினா மூணுல ரெண்டு பங்கு நிரம்பும். அரைன்னா எதுல அரை, லிட்டர்லயா பாட்டில்லயா, அதக் கேக்காம எந்தப் பின்னத்தையும் எழுதக்கூடாதுன்னு ஒரு சட்டமே போடலாம்.

இல்லத்தரசி, திண்டுக்கல்: இட்லிக்கு அரிசி உளுந்து 4-க்கு 1 போடுவேன். ஒரு விசேஷத்துக்கு அரிசி உளுந்து சேர்த்து மொத்தம் ரெண்டரை கிலோ ஊறவைக்கணும். "4-க்கு 1ன்னா உளுந்து கால் பங்கு, 625 கிராம் போடு"ன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஒதைக்குதே?

ஒதைக்கத்தான் செய்யும். அரிசி 4 பங்கு, உளுந்து 1 பங்கு, மொத்தம் 5 பங்கு. உளுந்து *அரிசியில* கால் பங்கு, *மொத்தத்துல* அஞ்சுல ஒரு பங்கு. ரெண்டரை கிலோல அஞ்சுல ஒண்ணு 500 கிராம், அரிசி 2 கிலோ. அவர் சொன்னபடி 625 போட்டா அரிசி 1875 கிராம், அது 3-க்கு 1 ஆயிடும். அப்படிப் போடறவங்களும் இருக்காங்க, உளுந்து நல்லா காணுற ரகமா இல்லையான்னு உங்களுக்குத்தான் தெரியும், அடுப்படி விஷயத்துல நான் தலையிட மாட்டேன். ஆனா கணக்கு உங்க பக்கம்.

ஓய்வு பெற்ற கிராம அலுவலர், கும்பகோணம்: ஐயா, "வேல முக்காலே மூணுவீசம் முடிஞ்சது"ன்னு எங்க அப்பா சொல்லுவார். எவ்வளவு முடிஞ்சதுன்னு அர்த்தம்? அந்தக் காலத்துல எல்சிஎம் எல்லாம் இருந்ததா?

ஐயா, மா கணக்கு பாத்த டிபார்ட்மெண்ட்லேர்ந்து நீங்களே கேட்டா எப்படி! வீசம்னா 16-ல ஒண்ணு, மாகாணின்னும் பேரு. முக்கால் 12/16, மூணு வீசம் 3/16, கூட்டினா 15/16. பதினாறணா ரூபா காலத்துல பதினஞ்சணா. அணா காசு 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்ததும் கணக்குலேர்ந்து போச்சு, நாலணா எட்டணா மட்டும் வாயில நின்னுடுச்சு, இந்த முக்காலே மூணுவீசமும் அப்படித்தான்.

எல்சிஎம்முன்னு பேர் இல்லாட்டியும் அந்த வேலய அளவுகளே பாத்துக்கிச்சு. முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, அரைமா 1/40, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8, அப்புறம் கால், அரை, முக்கால். எல்லாத்தையும் முந்திரியாவே எண்ணிடலாம்: மா 16 முந்திரி, மாகாணி 20 முந்திரி, கால் 80 முந்திரி. 320-தான் எல்லாத்துக்கும் பொது மடங்கு, ஒவ்வொரு தடவையும் புதுசா தேட வேண்டியதே இல்ல. மாகாணிங்கற பேர்லயே ஒரு கூட்டல் கணக்கு இருக்கு பாருங்க: மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி, 1/20 + 1/80, அதாவது 4/80 + 1/80 = 5/80, சுருக்கினா 1/16. திண்ணைப் பள்ளிக்கூடத்துல எண்சுவடிங்கற பழைய கணக்குப் புத்தகத்த மனப்பாடம் பண்ண பசங்களுக்கு இதெல்லாம் வாய்ப்பாடாவே வந்திருக்கும். உங்க தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்துக்கு மான்னு சொல்றதும் வேலிங்கற பழைய நில அளவுல 20-ல ஒரு பங்குங்கறதாலதான்.

ஒரு குறை இருந்தது. 320-ஐ மூணால வகுக்க முடியாது, அதனால மூணுல ஒரு பங்கு இந்த அடுக்குல சரியா உக்காராது, 106 முந்திரிக்கு மேல 107-க்குக் கீழ நிக்கும். பாதி பாதியா வெட்டறதுல மட்டும் ராஜா. 5 தோசைய 8 பேருக்குப் பிரிக்கணும்னா ஆளுக்கு அரை, மிச்சம் இருக்கிற ஒண்ண எட்டா வெட்டு, ஆளுக்கு அரையே அரைக்கால், அது 5/8. எகிப்துலயும் இதே புத்திதான், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல ரைண்டு பாப்பிரஸ்னு ஒரு பழைய கணக்குச் சுருள் இருக்கு, கி.மு. 1550 வாக்குல ஆமோஸ்ங்கற எழுத்தர் எழுதினது, அதுல வர்ற முதல் சில கணக்கும் 10 பேருக்கு ரொட்டி பங்கு போடறதுதான், 2/3 தவிர எல்லாத்தையும் "இத்தனையில ஒண்ணு"ங்கற துண்டுகளாவே எழுதியிருக்காங்க. நம்ம முந்திரி, மாகாணிக் குறியெல்லாம் 2019-ல கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலான யூனிகோட்ல 12-வது பதிப்பு வந்தப்ப கம்ப்யூட்டர்லயும் ஏறிடுச்சு, உங்க பேரன்கிட்ட சொன்னா எடுத்துக் காட்டுவான், ஃபான்ட் இருந்தா.

துணிக்கடை ஊழியர், ஈரோடு: ஆடிக்கு முன்னாடி விலைய கால் பங்கு ஏத்தி, ஆடியில கால் பங்கு தள்ளுபடின்னு போர்டு வச்சா கடைக்கு நஷ்டமா லாபமா? முதலாளி "சரிக்கு சரி"ங்கறார்.

முதலாளிக்கு நஷ்டம், நீங்க சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுக்கோங்க! 100 ரூபா துணி கால் பங்கு ஏறினா 125. இப்ப தள்ளுபடி கால் பங்கு எதுல? 125-ல. அது 31 ரூபா 25 காசு, மிச்சம் 93.75. ஏத்தினது சின்ன தொகையில கால், இறக்கினது பெரிய தொகையில கால். 5/4-ஐ 3/4-ஆல பெருக்கினா 15/16 வரும், கும்பகோணத்து ஐயாவோட முக்காலே மூணுவீசமேதான். பழைய விலைக்கே திரும்பணும்னா அஞ்சுல ஒரு பங்குதான் குறைக்கணும். மூணுல ஒண்ணு ஏத்தினா நாலுல ஒண்ணு குறை, ரெண்டுல ஒண்ணு ஏத்தினா மூணுல ஒண்ணு குறை, கீழ் நம்பர் எப்பவும் ஒண்ணு கூடும். அப்படியே "மூணு வாங்கினா ஒண்ணு இலவசம்"கறதையும் கேட்டுடுவாங்க, நாலு துணிக்கு மூணு துணி காசு, தள்ளுபடி கால் பங்குதான், மூணுல ஒண்ணு இல்ல.

கல்யாண நகை வாங்கப் போறவர், மதுரை: 916 தங்கம்னா என்ன நம்பர் அது?

அதுவும் பின்னம்தான். சுத்தத் தங்கம் 24 கேரட், நகைக்கு 22 கேரட், 22/24-ஐச் சுருக்கினா 11/12, ஆயிரத்துக்கு எவ்ளோன்னு போட்டா 916.66. 18 கேரட் முக்கால், அதனால 750. ஒரு பவுன் 8 கிராம், 916 நகைன்னா அதுல சுத்தத் தங்கம் 8 × 11/12 = 7 1/3 கிராம், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரி சேர்க்கிறது. சேதாரம், செய்கூலி இதுல வராது, அந்தக் கணக்கு கடைக்காரர் வாயால கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது.

பேர் வேண்டாம்னு கேட்டவங்க, செங்கல்பட்டு: அப்பா சுயமா சம்பாதிச்ச ஒரு கிரவுண்டு மனை, உயில் இல்ல. அப்பா இறந்தப்ப அம்மா, அண்ணன், நான், தம்பி நாலு பேர், பாட்டி அப்பவே இல்ல. நான் என் பங்க தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். இப்ப அம்மாவும் உயில் எழுதாம இறந்துட்டாங்க. "உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு தம்பி சொல்றான். அப்படியா?

கணக்க ஒவ்வொரு படியா போடுவோம்மா, எல்லாச் சண்டையும் ரெண்டு படிய ஒண்ணா போடறதாலதான் வருது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 உங்களுக்குப் பொருந்தும்னு வச்சுக்கறேன். அப்பா இறந்தப்ப நாலு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 1/4, மகன் மகள்னு வித்தியாசம் இல்ல. நீங்க குடுத்தது அந்த 1/4. அப்ப தம்பிக்கு 1/2, அண்ணனுக்கு 1/4, அம்மாவுக்கு 1/4, உங்களுக்கு பூஜ்யம். இதுவரைக்கும் தம்பி சொல்றது சரி.

இப்ப அம்மாவோட 1/4 மூணு பிள்ளைங்களுக்கும் பிரியும். 1/4-ஐ 3-ஆல வகுத்தா 1/12. இது நீங்க எழுதிக்குடுத்த பங்கு இல்ல, அதுக்கப்புறம் அம்மா வழியா வர்ற வேற பங்கு. ஆக உங்களுக்கு 1/12. அண்ணனுக்கு 1/4 + 1/12, அதாவது 3/12 + 1/12 = 4/12, மூணுல ஒண்ணு. தம்பிக்கு 6/12 + 1/12 = 7/12. கூட்டிப் பாருங்க, 1 + 4 + 7 = 12, பன்னண்டுல பன்னண்டு, ஒரு அங்குலம்கூட விட்டுப்போகல. கிரவுண்டு 2400 சதுர அடி, உங்களுக்கு 200, அண்ணனுக்கு 800, தம்பிக்கு 1400. கணக்கு என்கிட்ட கேட்டீங்க சொல்லிட்டேன், பத்திரத்துல என்ன வாசகம் எழுதியிருக்குன்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு அப்புறம் தம்பிகிட்ட பேசுங்க.

காலேஜ் மாணவர், கோவை: போன்லயே கால்குலேட்டர் இருக்கு, இன்னும் எதுக்கு தலைவரே பின்னம்?

மேல இருக்கிற அண்ணன் பங்கையே போடுங்க தம்பி. 1/3-ஐ 0.33ன்னு தட்டி 2400-ஆல பெருக்கினா 792. 8 சதுர அடி காணோம். செங்கல்பட்டுல இன்னிக்கு சதுர அடி என்ன விலைன்னு விசாரிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

வாத்தியார் வேலைக்கு முயற்சி பண்றவர், விருதுநகர்: 17 மாடு, மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூணுல ஒண்ணு, கடைசிப் பையனுக்கு ஒம்போதுல ஒண்ணு. பெரியவர் ஒருத்தர் தன் மாட்ட சேர்த்து 18 ஆக்கி 9, 6, 2ன்னு பிரிச்சுட்டு தன் மாட்டத் திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டாராம். அது எப்படி மிச்சமாச்சு?

பழைய கதை, ஆனா எப்பக் கேட்டாலும் ஒரு நிமிஷம் மண்ட காயும். ரகசியம் பெரியவர்கிட்ட இல்ல, அப்பன்காரன்கிட்ட இருக்கு. 1/2 + 1/3 + 1/9 கூட்டுங்க, 9/18 + 6/18 + 2/18 = 17/18. அப்பன் சொத்த முழுசா பிரிக்கவே இல்ல, 18-ல ஒரு பங்க யாருக்கும் சொல்லாமலே போய்ச் சேந்துட்டான். அதனாலதான் மூத்தவனுக்கு 17-ல பாதி எட்டரை வர வேண்டிய எடத்துல 9 கிடைச்சுது, மத்த ரெண்டு பேருக்கும் அதே மாதிரி கொஞ்சம் கூடத்தான் வந்துச்சு, யாரும் வாயத் தொறக்கல. நீங்களே புதுசா கட்டலாம்: 11 மாடு, பாதி, நாலுல ஒண்ணு, ஆறுல ஒண்ணு. ஒண்ணு கடன் வாங்கினா 12, பிரிச்சா 6, 3, 2, மொத்தம் 11. ஆனா எந்த மூணு பின்னத்த எடுத்தாலும் இது வேல செய்யாது, கூட்டுத்தொகை 11/12, 17/18 மாதிரி ஒண்ணுக்கு ஒரே ஒரு துண்டு கம்மியா வரணும், மாட்டு எண்ணிக்கையும் அந்த மேல் நம்பராவே இருக்கணும்.

ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்: 3/7 பெருசா 5/12 பெருசா? எனக்கும் அண்ணனுக்கும் பந்தயம்.

குறுக்கால பெருக்கு கண்ணு. 3 × 12 = 36, 5 × 7 = 35. 36 எந்தப் பக்கம் வந்துச்சோ அதான் பெருசு, 3/7. ஏன்னா ரெண்டையும் 84 துண்டா வெட்டினா ஒண்ணு 36 துண்டு, இன்னொண்ணு 35 துண்டு. நீ எந்தப் பக்கம் பந்தயம் கட்டினேன்னு எழுதவே இல்லையே?